கூரையில் பதித்த கண்ணாடி

திருநகரில் நான் ஹார்டுவேர் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. பசை வாங்க வருபவர்கள் குழாய், தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் டைல்ஸ் என்று ஏதாவது சொல்வார்கள். தமிழ்வாணி வந்து, "அண்ணே, வண்டிக் கூரையில கண்ணாடி ஒட்டணும். ஒரு சொட்டு மழை எறங்கக் கூடாது. என்ன பசை இருக்கு?" என்று கேட்டபோது விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவருக்கு நாற்பத்தோரு வயது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, கப்பலூரில் ரப்பர் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். கணவர் சிவபாண்டி லாரி டிரைவர். ஆறு வருடத்துக்கு முன், லோடுக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. அன்றிலிருந்து படுக்கை. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. வெளியே போவதென்றால் ஆம்புலன்ஸ்தான்.

"அதுல ஏத்துனா ஆசுபத்திரிக்குத்தான் போவீக. எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார் சிவபாண்டி. நாடெல்லாம் சுற்றிய மனிதர், ஒரே அறையில் ஒரே சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கப்பலூரில் ஒரு பட்டறைக்குப் பின்னால் பழைய கேரவன் ஒன்று நின்றது. சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய வேன். உள்ளே கட்டில், சமையல் மேடை, சின்னக் கழிப்பறை எல்லாம் உண்டு. நாலு டயரும் மண்ணில் புதைந்து, உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. படுத்தபடியே போகிற வண்டி என்பது மட்டும்தான் தமிழ்வாணி கண்ணில் பட்டது. வாங்கி, கட்டி இழுத்து வந்து, சிவபாண்டியின் ஜன்னலுக்கு நேர் எதிரே காலிமனையில் நிறுத்தினார்.

இன்ஜினை இம்மானுவேல் என்கிற மெக்கானிக் வந்து பார்த்துக் கொடுத்தார். மற்ற எல்லாம் தமிழ்வாணியின் கைவேலை. முதல் நாள் உள்ளே ஏறியபோது தரைப்பலகை மக்கி, கால் உள்ளே போய்விட்டதாம். அதைப் பெயர்த்து எறிந்து, இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை அளந்து அறுத்துப் போட்டார். போனில் வீடியோ பார்ப்பார். புரியாததை ஜன்னல் வழியாகச் சிவபாண்டியிடம் கேட்பார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை முடிந்த சாயங்காலமுமாக ஏழு மாதம்.

கூரையில் செத்துப்போன ஏ.சி. ஒன்று இருந்தது. அதைக் கழற்றியதும் ஒரு பெரிய ஓட்டை.

"தகரத்த வச்சு வெல்டிங் அடிச்சிரும்மா. அம்புட்டுத்தான் வேலை" என்றேன் நான்.

"அவரு படுத்துக்கிட்டே வரணும்ணே. வீட்டுல ஃபேனு, இதுலயும் ஒரு தகரத்தப் பாத்துக்கிட்டா?"

பசையை எடுத்துக் கொடுத்தேன். வேலையைப் பார்க்கிற ஆசையில் அந்த ஞாயிறு நானே போனேன்.

பழைய பேருந்தின் ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த வகைக் கண்ணாடியை அறுக்க முடியாது, அறுத்தால் நொறுங்கிவிடும். கண்ணாடிக்குத் தகுந்தபடி கூரையைத்தான் வெட்ட வேண்டும். தகரத்துக்கு அடியில் ஓடும் சட்டத்தில் வெட்டு விழுந்தால் கூரையே தொய்ந்துவிடும்.

தமிழ்வாணி வண்டி மேலே ஏறி, ஸ்பானரால் ஒவ்வோர் இடமாகத் தட்டினார். அறைக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்த சிவபாண்டி அந்தச் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டு வேணாம். சட்டம் ஓடுது."

டங்.

"இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளு. ம், அங்கன வெட்டு."

நான் வண்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. வெட்டி முடித்ததும் எட்டிப் பார்த்தேன். சட்டத்தில் ஒரு கீறல் இல்லை.

கண்ணாடி அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தால் மூலையில் ஒழுகியது. பசைக்கு மேல் பசை வைத்தார்; வேறு மூலையில் ஒழுகியது. பிறகு மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, தகரத்தைப் பளபளவென்று துடைத்து, முதலிலிருந்து ஒட்டினார். உள்பக்க விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டு, அரை மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொன்னார். பைப்பைப் பிடித்தது நான். பொடியில் ஓர் ஈரப்புள்ளி இல்லை.

இதற்கிடையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்திருந்தார். வண்டி ரோட்டில் ஓடத் தகுதிதானா என்று பார்க்கும் எஃப்.சி.க்குக் காட்டியபோது முதல் தடவை பிரேக் விளக்கு எரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை பாஸாகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, நாலு பேர் சேர்ந்து சிவபாண்டியைத் தூக்கி உள்ளே கட்டிலில் படுக்க வைத்தோம். நானும் கூடப் போனேன். சமயநல்லூர் தாண்டி வயக்காட்டுப் பக்கம் போகும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தமிழ்வாணி வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

முதல் துளி கண்ணாடியில் சொத்தென்று விழுந்தது. சிவபாண்டி முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். அப்புறம் மெல்லக் கண்ணைத் திறந்தார். மழை பிடித்துவிட்டது. எங்கிருந்தோ உயரத்திலிருந்து வெள்ளிக் கம்பி கம்பியாக நேரே அவர் முகத்தை நோக்கி இறங்கி, இரண்டு மூன்று முழம் மேலே கண்ணாடியில் உடைந்து ஓடியது. மழையை அப்படி அடியிலிருந்து நானும் பார்த்ததில்லை. எத்தனையோ மழையில் வண்டி ஓட்டிய மனிதர், வாய் திறந்தபடி கிடந்தார்.

"ஆத்தாடி, எம்புட்டு ஒசரத்துலருந்து வருது!"

தமிழ்வாணி மழையைப் பார்க்கவே இல்லை. அவர் விரல் கண்ணாடியின் நாலு ஓரத்தையும் தடவிக்கொண்டே இருந்தது. காய்ந்த விரலைப் பார்த்த பிறகுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிற ஞாயிறு குறைவு. போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவபாண்டியின் அக்கா மகள் பவதாரிணிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வண்டி நின்றதும் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே ஏறி இறங்கினார்களாம். தாலி கட்டிய கையோடு பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு ஏறி வந்து, படுத்திருந்த தாய்மாமன் கையால் திருநீறு பூசிக்கொண்டார்களாம்.