அம்மா தொடாத சாமைச் சோறு

அம்மாவுக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னதால் இன்று சாமை பொங்கினேன். உலை வாசனையில் கல்வராயன் மலை நினைவுக்கு வந்தது.

சின்ன வயதில் அம்மாவோடு மலைக்குப் புளி வாங்கப் போயிருந்தேன். கீழே எங்கள் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். பஸ் இல்லை. ஒரு மலைக்காரப் பெண் இரவு தங்க எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாமைச் சோறு வைத்தாள்.

"உங்க வூட்லல்லாம் நாங்க சாப்புட மாட்டோம்" என்றாள் அம்மா.

"வந்தவங்க பட்டினி கெடந்தா நாங்களும் சாப்புடறதில்லீங்க" என்று அவள் சட்டியை மூடினாள். மறுநாள் நாங்கள் இறங்கும்வரை அது மூடியே இருந்தது.

இன்று அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"அந்த மலைக்காரப் பொண்ணு பேரு இன்னா?"

"நாம கேக்கவே இல்லியேம்மா."