கூட்டத்துக்கு வந்த அத்தா

பெற்றோர் கூட்டத்துக்கு வராத அப்பாக்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி, சனிக்கிழமையும் பாலக்கரைப் பள்ளிக்கு நான் வந்து சேர்கிறேன். தெரு முனையில் டீ குடிப்பவர்களுக்கு மாடி ஏற முடிவதில்லை.

என் பத்தாம் வகுப்பில் ஒருத்தி அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா மட்டும் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. இத்தனைக்கும் அவர் இருந்தது சவூதியில், கட்டட வேலையில். அவளுடைய அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்ததும் என் போனில் வீடியோ கால் வரும். மஞ்சள் ஹெல்மெட்டும் சிரிப்புமாக அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“எம் புள்ள எங்க உக்காருது? காட்டுங்க டீச்சர்.”

போனை இரண்டாவது பெஞ்சுக்குத் திருப்புவேன். அவள் வெட்கத்தில் நெளிவாள். மார்க்கெல்லாம் அப்புறம்தான்.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், வேலையிடத்திலேயே மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். பெட்டியும் போனும்தான் வீட்டுக்கு வந்தன. துக்கம் கேட்கப் போன நான் அவளுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பிறகு பள்ளிக்கு வந்தவள் யாருடனும் பேசவில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

“பத்தாவதோட போதும்னு பெரியத்தா சொல்றாங்க டீச்சர். அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க.”

அத்தாவின் அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் துக்க வீட்டில் போய்ப் படிப்பைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

அடுத்த கூட்டம் வந்தது. எல்லோரும் வந்து போக, அவள் மட்டும் என் மேசையருகே தனியாக நின்றாள்.

“அம்மா இத்தாவுல இருக்காங்க டீச்சர். வெளிய வர மாட்டாங்க” என்றாள். கணவர் இறந்தபின் சில மாதம் வீட்டோடு இருக்கும் வழக்கம் அது. தெரியும் என்று தலையசைத்தேன்.

அப்போது என் போன் அடித்தது. திரையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் படம்.

“அத்தா!” என்று கத்திவிட்டாள்.

எடுத்தேன். திரையில் சுற்றும் மின்விசிறி மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் ஆண்கள் இருப்பார்கள் என்று அம்மா முகம் காட்டவில்லை.

“நாந்தான் டீச்சர். அவங்க போன்லேர்ந்து பேசுறேன். அடுத்த வருஷம் இவ எந்த குரூப் எடுக்கணும்? அவங்க உங்ககிட்ட ஏதும் சொல்லியிருந்தாங்களா?”

சொல்லியிருந்தார். “அது எதக் கேக்குதோ அதக் குடுங்க டீச்சர்” என்று, போன கூட்டத்தில். அப்படியே சொன்னேன். விசிறியின் சத்தத்தோடு விசும்பல் கேட்டது.

“அப்ப அவகிட்டயே கேளுங்க. அவங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எம் புள்ள எங்க உக்காருது? காட்டுங்க டீச்சர்.”

அவள் ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். போனைத் திருப்பினேன். இந்த முறை அவள் நெளியவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.