எர்த் போட்டாச்சா

முதுகலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் அக்காவின் ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். எங்கள் ஊரான புதுக்கோட்டைக்கு இருவரும் ஒரே பேருந்தில் திரும்புவோம். இயற்பியல் முனைவர் பட்டத்துக்காக அவள் அங்கே ஆய்வு செய்கிறாள். இமைப்பதற்குள் தோன்றி மறையும் பிளாஸ்மாப் பிழம்பை உண்டாக்கி, அதிலிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றையை அளப்பது அவள் வேலை. கற்றை போகும் வழியைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். தொடாமலே அது உணரும். ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு மேடு எழும். அந்த மேட்டுக்காகத்தான் அத்தனை பாடும்.

நான் பயந்தது மின்தேக்கிகளுக்கு. வலைக்கூண்டுக்குள் பெட்டி பெட்டியாக நிற்கும் அவை, ஒவ்வொரு வெடிப்புக்கும் முன் மின்சாரத்தைத் தேக்கிக்கொள்ளும். கூண்டைத் திறந்தால் மின்வரத்து நின்றுவிடும். தேங்கியது அங்கேயே காத்திருக்கும். ஆகவே உள்ளே கை வைக்குமுன், நீண்ட பிடியுள்ள எர்த் கம்பியை மின்தேக்கி முனையில் மாட்டி, தேங்கியதைத் தரைக்கு இறக்கவேண்டும்.

"நீ வாயத் தொறக்க மாட்டேன்னுதாம்ளா உன்ன உள்ள விடுதாவ" என்பாள் அக்கா.

அன்று கடலிலிருந்து கொண்டல் காற்று. சுவரெல்லாம் உப்பு ஈரம். அக்கா பொத்தானை அழுத்தினாள். வெடிக்கவில்லை. திரையில் தட்டையான கோடு. இணைப்பில் களிம்பு பூத்திருக்கும் என்று முணுமுணுத்தபடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டை நோக்கி நடந்தாள். வெடித்திருந்தால் மின்தேக்கிகள் பெரும்பாலும் காலியாகியிருக்கும். இப்போது நிறைந்து நின்றன.

அவளுக்கு மூத்த ஆய்வாளரான அண்ணன் ஒருவர் மறுகோடியில் வெற்றிடப் பம்பருகே குனிந்திருந்தார். நிமிராமலே கேட்டார்:

"ஏளா, எர்த் போட்டாச்சா?"

"சரிண்ணே."

பம்பின் இரைச்சலில் அக்காவுக்குக் கேட்டது 'போட்டாச்சு'. அவளுடைய 'சரி'யை அவர் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டார். கேட்டவர் விடை கிடைத்த நிம்மதியில் வேலைக்குத் திரும்பினார். கேட்கப்பட்டதே தெரியாதவள் தாழை நீக்கினாள். இருவருக்கும் நடுவே, முக்காலியில் இருந்த எனக்குக் கடைசியில் வந்த அந்த 'ஆ' தெளிவாகவே விழுந்திருந்தது. எர்த் கம்பி சுவர்க் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

 உள்ளே ஏற்கெனவே வேறொரு எர்த் கம்பி மாட்டியிருக்குமோ? எனக்கு என்ன தெரியும்? அக்காவின் கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டில் வளையல் தடம்.

"அக்கா! அது கேள்வி! போடல!"

கை நின்றது. மெல்ல வெளியே வந்தது. அண்ணன் ஓடிவந்து கம்பியை எடுத்து முனையில் வைத்தார். ஓலைவெடி போலப் பட்டென்று ஒரு சத்தம், வெள்ளை ஒளி, பொசுங்கிய வாடை.

கம்பியைக் கையிலிருந்து விடாமலே என்னைப் பார்த்துக் கேட்டார். "தமிழ் டிபார்ட்மெண்ட்ல இதுக்கும் பாடம் நடத்துதாவளா?"  

நடத்துகிறார்கள். 'போட்டாச்சு' என்பதில் போட்டவர் இல்லை. ஆளில்லாமலே வேலை முடிந்துவிடுகிறது. இப்போது அங்கே, கம்பியை மாட்டியவர் "நான் போட்டேன்" என்று உரக்கச் சொன்ன பிறகே மற்றவர் உள்ளே கை வைக்கலாம். அக்கா கூண்டருகே போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'போட்டேன்' என்பதிலுள்ள அந்த 'ஏன்' விகுதிக்காகக் காத்திருக்கிறேன். சில நாள் பம்பு அதையும் விழுங்கிவிடுகிறது. அப்போது எழுந்து போய், சுவர்க் கொக்கி வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.