புஷ்பம் அக்காவின் உலகக் கோப்பை

போன வாரம் வீட்டுக்குப் புது டிவி வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலும் புது வயரும் கலந்த அந்த வாசனை. என் முதல் வேலையின் வாசனை அது. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில், நாகர்கோவில்காரர் ஒருவரின் டிவி கடை. எனக்கு டிவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தமாதிரி பேசத் தெரியும். அந்த வேலைக்கு அது போதும்.

தொண்ணூற்றாறில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்தின. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே ஆட்டம். வெளியே சுமைதூக்குகிறவர்கள், சாமான் வாங்க வந்தவர்கள், வகுப்பை மறந்த கல்லூரிப் பையன்கள்.

டெல்லியில் இந்தியாவும் இலங்கையும் ஆடின. நம்மவர்கள் நல்ல ஸ்கோர்தான் எடுத்தார்கள். இலங்கையின் தொடக்க ஆட்டக்காரர்கள் முதல் ஓவரிலிருந்தே பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள். அப்படியும் ஆடலாம் என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தெருவே ஊமையாகிவிட்டது. அப்போது கடைக்குள்ளிருந்து ஒரு கைத்தட்டல்.

பில் போடும் புஷ்பம் அக்கா. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பிவைத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

"ஆருக்காக்கும் கைதட்டுதிய?" என்றார் டிவி வாங்க வந்திருந்தவர். "அங்கேயே போய்க் கிடக்கப்படாதா?"

"அனுப்பிட்டாங்களே" என்றார் அக்கா, சாதாரணமாக.

வெளியே சிலர் சிரித்தார்கள். வந்தவர் டிவி வாங்காமலேயே இறங்கிப்போனார். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "புஷ்பம், நாளையிலேருந்து நீ வரண்டாம்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை கூடப்போன என்னிடம், "பள்ளிக்கூடத்துல அந்தக் கொடியத்தான் தம்பி வரைஞ்சேன். கை தன்னால தட்டிருச்சு" என்றார்.

அரையிறுதி கல்கத்தாவில். மறுபடியும் அதே இலங்கை. நம் விக்கெட்டுகள் சரியச் சரிய, கூட்டம் பாட்டில்களை வீசியது, கேலரியில் தீ. ஆட்டத்தை நிறுத்தி, இலங்கைக்கு வெற்றி என்று அறிவித்தார்கள். நான் ஆன்டெனாவைப் பார்க்கிற பாவனையில் அண்ணாந்து நின்று கண்ணைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"தோத்தா தோத்ததாக்கும். குப்பி எறியுதது என்னத்துக்குடே?" என்றார் முதலாளி.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு, அவரே அக்கா குடியிருந்த மணக்காட்டுக்குப் போய் அவரை ஆட்டோவில் கூட்டிவந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டார்.

"இரி புஷ்பம். இன்னைக்கு நல்லா சத்தமா தட்டு."

ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த இலங்கை, ஆஸ்திரேலியாவையும் பதறாமல் முடித்தது. நாங்கள் எல்லோரும் தட்டினோம். அக்கா தட்டவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என் தங்கச்சியும் பாத்துக்கிட்டிருப்பா இல்ல, மொதலாளி?"

ஒரு தங்கை கல்யாணமாகி இலங்கையிலேயே தங்கிவிட்டாள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"பின்னே, பாக்காம இருப்பாளா" என்றார் முதலாளி. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் டிவி உண்டா, கரண்ட் உண்டா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா வழக்கம்போல் வேலைக்கு வந்தார். சில வருஷங்களுக்குப் பிறகு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். தங்கையைப் பார்த்தாரா, தெரியாது. முதலாளி காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். மேட்ச் நாட்களில் அந்த வழியாகப் போனால், அவரவர் ஆட்டம் அவரவர் கையில் ஓடுகிறது. "அண்ணா, தலைய ஒண்ணு குனிங்க" என்று முன்னால் நிற்பவரிடம் யாரும் கேட்பதில்லை.