வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டும்

எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. எப்போது வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு தரம் வந்தால் பெரிய விஷயம். விடியற்காலையிலும் வரும், மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் வரும். வால்வு திறப்பவருக்குப் போன் போட்டால் “அங்கன மோட்டார் ஓடுனா இங்கன வரும்” என்பார். அவரைத் திட்டியும் பிரயோஜனமில்லை, அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. கோவில்பட்டியைச் சுற்றிய இந்தக் கரிசலில் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அதில் குளிக்கலாம், துணியோடு மல்லுக்கட்டலாம், பருப்பு மட்டும் வேகாது. கேன் தண்ணீர் குடிக்கத்தான் காணும், சமைக்கப் போதாது. ஆகவே நல்ல தண்ணீர் வருகிற நேரத்தில் பிடித்து வைக்க வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டும். ஒருத்தன் இருக்க வேண்டும் என்று எந்த வீட்டிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணனின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமியார், அண்ணன் தம்பி இருவர், மருமகள்கள் நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அக்கா பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் கல்யாணமாகி வரும்போதே டீச்சர் வேலையோடு வந்தேன். நான் பள்ளிக்கூடம் போவது, அவள் வீட்டில் இருப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாக அமைந்தது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்வேன். தானாக அமைந்ததெல்லாம் எனக்கே தோதாக அமைந்ததை நான் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பள்ளியில் உலகத் தண்ணீர் தினத்துக்குப் பேசுவது நான்தான். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். எங்கெங்கோ இருக்கிற நாடுகளில் தலையில் குடத்தோடு மணலில் நடக்கும் பெண்களின் படத்தைச் சார்ட்டில் ஒட்டி, “ஒரு பெண் தண்ணீருக்காகக் காத்திருக்கும் நேரம், அவளுடைய படிப்பிலும் வேலையிலும் இருந்து பிடுங்கப்பட்ட நேரம்” என்று வாய் கிழியப் பேசுவேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அக்கா பிடித்து வைத்த குடத்திலிருந்து இரண்டு டம்ளர் மொண்டு குடிப்பேன். தொண்டை வறண்டிருக்கும் அல்லவா?

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு டவுனில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. முதலாளி, அக்கா முன்பு வேலை பார்த்த இடத்துக்கு வந்து போனவர். அவரே கூப்பிட்டு, “வந்து பாருங்கம்மா, சரிப்பட்டா தொடர்ந்து வாங்க” என்றார். அக்கா அத்தையிடம் கேட்டாள்.

“போ, நான் வேண்டாங்கல. தண்ணி யாரு பிடிப்பா?” என்றார் அத்தை.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான் லீவு போடுதேன் அத்தை. நான் பிடிக்கேன்” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் கிளம்பினாள். தண்ணீர் வந்து பல நாள் ஆகியிருந்ததால் தொட்டியின் அடி தெரிந்தது. எங்கள் பக்கம் தண்ணீருக்கு வேகம் கிடையாது. தரைக்கு மேலே குழாய் வைத்தால் ஏறாது என்று வாசலில் குழி தோண்டி அதற்குள் குழாயை இறக்கியிருக்கிறோம். அக்கா புதுச் சேலையோடு குழிக்குள் இறங்கி ஏதோ செய்துவிட்டு ஏறினாள். “மொதல்ல கலங்கலா வரும். அதைக் கீழ விட்டுட்டுப் பிடிட்டி” என்றாள். பஸ் ஹாரன் கேட்டது, ஓடினாள். அத்தை கயத்தாறில் ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டார். ஆண்கள் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழியை எட்டிப் பார்த்தேன். குழாய் முழுசாகத் திறந்து கிடந்தது. அடியில் ஒரு அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். குழாயை மூடாத பிள்ளைகளின் காதைத் திருகியே பழகிய கை இது, சும்மா இருக்குமா? இறங்கி இறுக்கி மூடினேன். தட்டையும் எடுத்துக் கழுவி அடுப்படியில் கவிழ்த்து வைத்தேன். பிறகு உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் பேப்பர் திருத்த உட்கார்ந்தேன்.

ஊரில் எல்லா வீட்டுக் குழியிலும் குழாய் திறந்துதான் இருக்கும், அடியில் தட்டும் கவிழ்ந்திருக்கும். அடுப்படியில் இருப்பவளுக்கு முதல் சொட்டு தட்டில் விழும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அக்காவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. எனக்குச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. அதே வீட்டில் இத்தனை வருஷம் குடியிருக்கிற எனக்கு அன்றைக்கு வரை அது தெரியாது.

எங்கள் வீடு தெருவைத் தாண்டி, பருத்திப் புஞ்சையை ஒட்டித் தனியாக இருக்கிறது. தெருவில் போட்ட கூச்சல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஸ்கூட்டியில் போன ஒரு பெண், “டீச்சர், இன்னைக்கு நல்ல வரத்துல்லா? எல்லாத்துலயும் ரொப்பிட்டீங்களா?” என்று கேட்டபடி போனாள். விழுந்தடித்து ஓடிக் குழாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. கொஞ்சத்தில் அதுவும் நின்றது.

அக்கா சாயங்காலம் சேவுப் பொட்டலத்தோடு வந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, “சிஸ்டத்துல உக்காந்ததும் எல்லாம் ஞாபகம் வந்துட்டுட்டி. மொதலாளி அண்ணாச்சி நாளைக்கே ஜிஎஸ்டி பாக்கச் சொல்லுதாவ” என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டாள். “மூடிட்டியா? டீச்சருல்லா!” என்றாள். பிறகு தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கயத்தாறிலிருந்து திரும்பிய அத்தை என்னைத் திட்டவில்லை. “அவ வேலைக்குப் போறவ, அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்று எனக்காகப் பரிந்து பேசினார். அப்புறம் அக்காவைப் பார்த்து, “வீட்டைப் போட்டுட்டுப் போனா இப்படித்தான்” என்றார். தப்பு செய்தவள் நான், ஏச்சு வாங்கியவள் அவள். அக்காவின் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு கேன் வாங்கப் போனார். என் கணவர் பக்கத்து ஊரில் டேங்கர் கிடைக்குமா என்று போனில் விசாரித்தார். நாளைக்கு யார் வீட்டில் இருப்பது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் லீவு இருந்தது. “நாளைக்கும் நான் இருக்கேன், இனி மூடமாட்டேன்” என்று சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான், “நாளைக்கு ஸ்கூல்ல ரிவிஷன் டெஸ்ட்டுக்கா” என்றேன். அது பொய் இல்லை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் அடுப்படி வாசலில் நின்று போன் பேசினாள். “அண்ணாச்சி, வீட்டுல தோதுப்படல. வேற ஆள் பாத்துக்கிடுங்க. இல்ல, இல்ல, வேலை பிடிச்சிருந்துச்சு. பிடிக்காம இல்ல.” அதை அவள் இரண்டு தரம் சொன்னாள்.

அவள் போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. இன்றைக்கு நேரத்தோடு கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வருத்தம் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது. அதுவும் உட்கார இடம் கிடைத்த பிறகு.