மாமன் மடியும் பச்சைக் கட்டமும்

நாற்பத்தொன்பது வயதில் மற்றவர்கள் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள், காலையில் நடப்பதற்கு ஷூ வாங்குகிறார்கள். நான் டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினேன். செல்போனிலேயே படம் நன்றாக விழுகிறதே என்று கேட்டவர்களிடம், பட்டனை அழுத்தும்போது உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழுமே, அந்த 'ட்ளக்' சத்தம் செல்போனில் வருமா என்று கேட்டேன். அதுவும் வரும், ஸ்பீக்கரில் வரும் என்றார்கள். அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு வேலை பீளமேட்டில், ஒரு பம்ப்செட் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில். பதறுவதற்கென்றே சம்பளம் தரும் பிரிவு அது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன் நான். அப்படிப்பட்டவன் கையில் இருபது பட்டன், இரண்டு சக்கரம், எண்ணூறு கிராம் எடை உள்ள ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கடைக்காரராவது யோசித்திருக்கலாம்.

ஆறு மாதத்தில் நான் படித்துத் தேறினேன். என் மனைவிக்கும் சமையலறை வாசலில் நின்று பாடம் எடுத்தேன்.

"அப்பர்ச்சர்ங்கறது வால்வு. எவ்வளவு திறக்கறமோ அவ்வளவு வெளிச்சம் உள்ள வரும். ஷட்டருங்கறது மோட்டார் ஓடற நேரம். ரெண்டையும் சரியா வெச்சா தொட்டி ரொம்பும்."

"தண்ணி பத்தலீன்னா?"

"அதுக்குத்தான் ஐ.எஸ்.ஓ. இருக்குது. அடியில கெடக்கற சேத்தையும் சேர்த்து இழுக்கற மாதிரி. தொட்டி ரொம்பிரும், ஆனா கலங்கலா இருக்கும். படத்துல புள்ளி புள்ளியா வரும்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஒரு போட்டோ எடுக்க போர்வெல்லே போடோணுமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

ஒன்றை மட்டும் என்னாலேயே பொறுக்க முடியவில்லை. இந்த அப்பர்ச்சரில் 1.8 என்றால் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது. 16 என்றால் ஏறக்குறைய மூடிவிட்டது. எண் ஏற ஏறத் துளை சின்னதாகும். எங்கள் கம்பெனியில் எவனாவது வால்வுக்கு இப்படி எண் போட்டிருந்தால் நானே முன்னின்று அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கேமராவின் தலையில் இருக்கும் மோடு சக்கரத்தில் நான் 'M' என்ற எழுத்தைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. M என்றால் எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டும், பழி முழுவதும் நமக்கே. அதே சக்கரத்தில் ஒரு பச்சைக் கட்டம் உண்டு. அதில் வைத்தால் கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும். அது புதிதாகப் பிடிப்பவர்களுக்கு, நமக்கல்ல, என்று அதன் மேல் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது.

அப்போதுதான் உடுமலைப்பேட்டையிலிருந்து தங்கை போன் செய்தாள். மூன்று வயதாகும் அவள் மகளுக்குக் குலதெய்வக் கோவிலில் காது குத்து.

"ஒரு போட்டோக்காரரை வரச் சொல்லியிருக்கறனுங்ணா" என்றாள்.

"எதுக்கு? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குழந்தைக்கு முதல் மொட்டை அடித்தபோது பன்னிரண்டு பேர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் நன்றாக எடுப்பார் என்று நம்பினோம். கடைசியில் கிடைத்த படங்களில் எல்லாம் செல்போனை நீட்டும் கைகள்தான் இருந்தன, குழந்தையைக் காணோம். தங்கை அதை இன்னும் மறக்கவில்லை.

"எனக்கு நூறு படம் வேண்டாமுங்ணா. ஒண்ணே ஒண்ணு போதும். மடியில உக்காந்திருக்கோணும், காதுல கம்பி ஏறோணும், மூஞ்சி தெரியோணும். அதைப் பெரிசு பண்ணி ஹால்ல மாட்டப் போறேன். அது மட்டும் தப்பிரக் கூடாது."

"அதெல்லாம் தப்பாது கண்ணு. அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லீரு."

சொல்லிவிட்டாள். நான் ஒரு குறிப்பேடு வாங்கினேன். அதில் எழுதியது இன்னும் இருக்கிறது: 'ஐம்பது எம்.எம். லென்ஸ். பேட்டரி இரண்டு. கார்டு இரண்டு. மடி: உயரம் குறைவு, முட்டி போட்டு எடுக்கவும்.' யாருடைய மடி என்று எழுதவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் இந்நேரம் இதிலுள்ள சிக்கலைப் பிடித்திருப்பார்கள். நான் பிடிக்கவில்லை. நான் குழந்தைக்குத் தாய்மாமன் என்பதும் எனக்குத் தெரியும், காது குத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்பதும் தெரியும். இரண்டும் மண்டைக்குள் வேறு வேறு அறைகளில் குடியிருந்தன, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவேயில்லை.

ஒத்திகை பார்த்தேன். மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சேலைப் பின்னை மெதுவாக அதில் குத்த வேண்டும், நான் முட்டி போட்டு எடுப்பேன். 1.8-இல் வைத்தால் பின்னின் முனை மட்டும் தெளிவாக விழுந்து, பழமே பனிமூட்டத்துக்குள் போனது. வால்வை முழுக்கத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு விரல்கடைதான் என்பதை ஏழு எலுமிச்சையைத் துளைத்துக் கற்றுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் எலுமிச்சை சாதம். மனைவி தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

காது குத்தன்று காலை பொள்ளாச்சி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். தாய்மாமன் சீர்த்தட்டுகளைக் காரிலிருந்து நானே இறக்கினேன். பட்டுப்பாவாடை, பழம், தோடு, தங்கக் கம்பி என்று எல்லாம் நான் வாங்கியவை. இறக்கியதும் அவற்றை வெயிலில் வரிசையாக வைத்து, 'மாமன் சீர்' என்று மூன்று கோணங்களில் படம் பிடித்தேன். அப்போதும் உறைக்கவில்லை. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, ஐ.எஸ்.ஓ. நூறு. வெயிலுக்குச் சரியான கணக்கு. தட்டிலிருந்த மாம்பழத்தின் மேல் எறும்பு ஏறுவதுகூடத் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பெருமை.

காது குத்துவது கோவிலுக்கு முன்னால் இருந்த தகர ஷெட்டில். ஆசாரி பெரியவர், வெள்ளை வேட்டி, மூக்கின் நுனியில் கண்ணாடி. மணையைப் போட்டு, மஞ்சள் அரைத்த கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், கூட்டத்தை விலக்கி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். நான் முட்டி போட்டு, கேமராவைக் கண்ணில் வைத்து, மணையின் மேல் ஃபோகஸ் செய்து தயாராக இருந்தேன்.

"நேரமாச்சுங்க, மாமனைக் கூப்புடுங்க" என்றார் ஆசாரி.

எல்லாரும் திரும்பினார்கள். நானும் வியூஃபைண்டர் வழியாகவே மாமனைத் தேடினேன். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. பார்த்த முகங்கள் எல்லாம் நேராக என் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலில், அருமையாக போஸ் கொடுக்கிறார்களே என்று ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் இருக்கிறது. பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன்: நாற்பது பேர், நாற்பது பேரும் என்னையே பார்க்கிறார்கள், முன்னால் தங்கையின் வாய் 'அண்ணா' என்று திறந்திருக்கிறது.

"ஏனுங்ணா, யாரைத் தேடறீங்க?"

அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த கதவு அப்போது திறந்தது. மனைவியைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம என்னங்க. நீங்க ஏதோ டைமர்னு படிச்சுட்டு இருந்தீங்களா, அதுல எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

டைமர் பத்து நொடி. ஆசாரி எந்த நொடியில் குத்துவார் என்று கேமராவுக்கு யார் சொல்வது? கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி வலது காதைப் பிடித்தார்.

மாப்பிள்ளை கேமராவைச் செல்போன் மாதிரி முகத்துக்கு நேராக ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்பக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒண்ணுமே தெரியிலீங்களே. கருப்பா இருக்குது. ஆன்ல இருக்குதுங்களா?"

"திரையில தெரியாதுங்க மாப்பிள்ளை. மேல ஓட்டை இருக்குது, அதுல கண்ணை வைங்க."

"எந்த ஓட்டைங்க?"

அவர் தேடிக்கொண்டே எதையோ அழுத்தினார். 'ட்ளக்' என்றது. மடியில் குழந்தை வீறிட்டாள். ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு காது முடிஞ்சுதுங்க" என்றார்.

தங்கை மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. மனிதனுக்குக் காது இரண்டு என்பதற்காக நான் அன்றுதான் கடவுளுக்கு மனமார நன்றி சொன்னேன்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்று ஆசாரியைக் கேட்டேன்.

"ஒரு நிமிசம்னா ஒரு நிமிசந்தானுங்க. நல்ல நேரம் முடியப் போகுது, புள்ளையும் அழுகுது."

மனைவி மாப்பிள்ளையிடமிருந்து கேமராவை வாங்கினாள். எலுமிச்சம்பழக் காலத்தில், எடுத்த படத்தைப் பார்க்க நான் அடிக்கடி அழுத்திய பட்டன் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை அழுத்திப் பார்த்தாள்.

"ஆடு நல்லா உளுந்திருக்குதுங்க."

"எந்த ஆடு?"

"ஷெட்டுக்கு வெளிய வெயில்ல நிக்குதே அது. முன்னால நீங்கெல்லாம் கரிக்கட்டையாட்ட இருக்கீங்க."

வெயிலுக்கு வைத்த கணக்கை நிழலில் மாற்றவில்லை. சீர்த்தட்டின் மாம்பழத்துக்கு வைத்த ஷட்டர் அப்படியே இருந்தது. குழந்தை மடியில் திமிற, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். "ஷட்டரை நூத்தி இருபத்தஞ்சுக்குக் கொண்டா, முன் சக்கரத்தைத் திருப்பு, இடது பக்கம், இல்ல இல்ல அது உனக்கு வலது. அப்பறம் ஐ.எஸ்.ஓ. பட்டனை அமுக்கிட்டு..."

"ஏனுங்க, எதுல கண்ணு வைக்கோணும், எதை அமுக்கோணும். ரெண்டே ரெண்டு மட்டும் சொல்லுங்க."

ஆறு மாதப் படிப்பை நான் அந்த இடத்தில் விழுங்கினேன். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காமல் சொல்லப் பார்த்தேன். "மேல சக்கரம் இருக்குதல்ல. அதைப் பச்சைக் கட்டத்துக்குத் திருப்பீரு."

"என்னங்க?"

"பச்சைக் கட்டம்" என்றேன், நாற்பது பேருக்கும் கேட்கும்படி.

திருப்பினாள். கண்ணில் வைத்தாள். பட்டனைப் பாதி அழுத்தியதும் கேமராவின் மண்டை தானாகத் திறந்து ஃபிளாஷ் எழுந்து நின்றது. ஷெட் இருட்டு என்று அதுவாகவே முடிவு செய்துவிட்டது. ஆசாரி கம்பியைக் கீழே இறக்கினார்.

"அம்மிணி, லைட்டெல்லாம் அடிக்கக் கூடாதுங்க. கண்ணு கூசி என்ர கை தப்பீரும்."

ஃபிளாஷை நிறுத்துவது எப்படி என்று மெனுவில் மூன்றாம் பக்கத்தில் இருப்பதாக எனக்கு ஞாபகம். அல்லது நான்காம் பக்கம். அதை நான் சொல்வதற்குள் மனைவி சக்கரத்தை உற்றுப் பார்த்தாள். "இதா, பக்கத்துலயே மின்னலுக்குக் குறுக்க கோடு போட்டுப் படம் வெச்சிருக்குது. மின்னல் வேண்டாம்னுதான அர்த்தம்?" என்று ஒரு சொடுக்குத் திருப்பி, எழுந்து நின்றதை விரலால் அமுக்கி மூடினாள். அந்தப் படத்தை நான் ஆறு மாதமாகப் பார்த்து வந்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

"குத்தலாமுங்களா?" என்றார் ஆசாரி.

"குத்துங்க" என்றாள் அவள், முட்டி போட்டு. உயரம் குறைவு என்று குறிப்பேட்டில் எழுதியவன் நான். யாரும் சொல்லாமல் முட்டி போட்டவள் அவள்.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. கம்பி காதுக்கு அருகில் வந்ததும் என் கண்கள் மூடிக்கொண்டன. தொடர்ச்சியாக எடுக்கும் வசதியை முன்பே போட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது, தறி ஓடுவது போல ட்ளக் ட்ளக் ட்ளக் என்று கேட்டது. மனைவி பட்டனிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. குழந்தை அழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"ஆச்சுங்க. மாமன் கண்ணைத் தொறக்கலாம்" என்றார் ஆசாரி.

மொத்தம் பத்தொன்பது படம். தங்கையும் மனைவியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். பாதிப் படங்களில் ஃபோகஸ் ஆசாரியின் முழங்கையில் இருந்தது. கேமராவிடம் விட்டால் எது கிட்டே இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். ஆறேழில் கம்பி இன்னும் வரவில்லை, அல்லது முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றில் எல்லாம் இருந்தது. காது, பாதி ஏறிய தங்கக் கம்பி, மஞ்சள் பூசிய விரல், குழந்தையின் முகம். அவள் அழவில்லை. வாயை லேசாகத் திறந்து, அண்ணாந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையை என் மூக்கின் மேல் வைத்திருக்கிறாள். இந்த ஆளுக்கு என்ன ஆனது என்று கேட்பது போல. அந்த ஆளோ கண்ணை இறுக்க மூடி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, பல் பிடுங்க உட்கார்ந்தவன் மாதிரி இருக்கிறான்.

"இதாங்ணா. இதேதான்" என்றாள் தங்கை. காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

"குழந்தை அருமையா இருக்குது கண்ணு. என்ர மூஞ்சி மட்டும் கொஞ்சம்... நான் ஊட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல போட்டு, கழுத்துக்கு மேல வெட்டித் தாரேன்."

"தாய்மாமன் தலையில்லாமயா ஹால்ல மாட்டறது? ஆளப் பாருங்க."

"அப்பக் கண்ணு தொறந்திருக்கற மாதிரி வேற படத்துலிருந்து எடுத்து ஒட்டறேன்."

"அண்ணா, கேமராவைத் தொடாதீங்க" என்றாள். மனைவி அதற்குள் கார்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டிருந்தாள். கார்டு இருக்கும் அந்தச் சின்னக் கதவு எங்கே இருக்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமில்லை.

படம் இப்போது உடுமலை வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, இரண்டடிக்கு மூன்றடி அளவில் தொங்குகிறது. அவ்வளவு பெரிதாக்கியும் ஒரு புள்ளிகூட உடையவில்லை. என் முன்பல்லில் அடைத்த சிமெண்ட் வரை தெரிகிறது. வருகிறவர்கள் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "இதுல யாருக்குங்க காது குத்தறாங்க?" என்று கேட்கிறார்களாம். பதில் சொல்லும் வேலையை வீட்டில் குழந்தையிடம் விட்டிருக்கிறார்கள். அவள் சோபாவில் ஏறி நின்று, என் முகத்தில் விரலை வைத்துக் காட்டுகிறாளாம்.