காதர் பாயின் பேக்கப்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் கடைக்குள் யாரும் சிரித்துக்கொண்டே நுழைவதில்லை. ஒரு தடவையாவது ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தவர்கள் என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் இது புரியும்.

பச்சை எழுத்து

ஸ்டுடியோக்கள் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். உத்தமபாளையத்தில் காதர் பாய் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில்தான் என் கல்யாணப் படங்களும் இருந்தன. வேறு பிரதி கிடையாது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுக்காமல் எட்டு மாதமாக இழுத்தடித்தேன். என் மனைவி செல்வி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாய் ஒரு பேக்கப் சாப்ட்வேர் போட்டிருந்தார். அது 'வெற்றி' என்று பச்சையில் காட்டிய பிறகுதான் கடையைப் பூட்டுவார். ஒருநாள் சர்வீஸுக்குப் போன நான் திறந்து பார்த்தால், சி டிரைவில் இருப்பதை டி டிரைவுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன, போனால் சேர்ந்தே போகும் என்றேன். பாய் திரையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளா எதுக்குத் தம்பி பச்சையா காட்டுச்சு?"

தள்ளி வைப்பது

அன்றே உட்கார்ந்து கல்யாணத்துக்கு ஒரு சிடியாக எழுதிப் பெயர் போட்டுக் கொடுத்தேன். கடையில் வைக்காதீர்கள், தீப்பிடித்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும் என்று பாடமும் நடத்தினேன். என் வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் போனபோது பாய் பெருமையாகச் சொன்னார்: "அனுமந்தன்பட்டில நம்ம மச்சான் சலீம் தோட்டத்துல குடுத்துட்டேன் தம்பி. இங்கன தீப்பிடிச்சா அங்கன எட்டாதுல்ல?"

பத்திரமான இடம்

மற்ற வாடிக்கையாளர்களிடமெல்லாம் பாயை உதாரணம் காட்டினேன். மூன்றாவது மாதம் அவருடைய டிஸ்க் டிக் டிக் என்று தட்டிவிட்டு அடங்கியது. நான் பதறவில்லை. பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

திராட்சை பழுத்திருந்தது. பந்தல் முழுக்க சிடிக்கள், நடு ஓட்டையில் நூல் கோத்து, வெயிலில் மினுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே என் கையெழுத்து. சலீம் சிரித்த முகமாக வந்தார். "பத்திரமா வைன்னு மச்சான் குடுத்தாக. பந்தல்ல கட்டிட்டேன், ஆடு மாடு எட்டாது. அதோட ஒரு மைனாகூட அண்டமாட்டேங்குது அண்ணே!"

மிச்சம்

அவிழ்த்து, பூச்சிமருந்துக் கறையைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இலை நிழலில் தொங்கியவை பிழைத்தன. என்னுடையது பந்தல் ஓரத்தில் முழு வெயிலில் தொங்கியிருந்தது. மணமேடை, மாலை, தாலி எதுவும் திறக்கவில்லை. பந்தியில் எடுத்த பதினேழு படங்கள் மட்டும் வந்தன.

செல்வியிடம் காட்ட வெட்கமாக இருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, இலைக்கு முன்னால் அவள் அப்பா உட்கார்ந்திருந்த படத்தில் நின்றாள். "தாலி கழுத்துல இருக்கு, விடுங்க. இதுக்கு மட்டும் நாலு காப்பி எடுத்து வைங்க. எங்க அப்பா சிரிச்சாகன்றதுக்கு வேற ஆதாரம் இல்ல."

இப்போதெல்லாம் பேக்கப்பை வேறு இடத்தில் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அங்கே என்ன விளைகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.